டர்பனில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: மீனுக்குப் பச்சைக் காய்கறி கொடுப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து, வீட்டில் ஒரு தொட்டி வைத்து, அதில் கண்ணாடியில் வாயால் ஒட்டி மேயும் சக்கர் மீனோ கோல்டு பிஷ்ஷோ விட்டிருக்கிறீர்கள். "காய்கறி போடுங்க, நல்லா வளரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் மீன் வாங்கிய கடையில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். எந்தக் காய், எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. வெள்ளரித் துண்டு மேலே மிதந்தது. கேரட்டை மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீரை கரைந்து பில்டரை அடைத்தது. தேடிப் படித்தவையெல்லாம் குளிர் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. இங்கே கோடைக்காலமான டிசம்பர், ஜனவரியில் ஹீட்டர் போடாமலேயே தொட்டித் தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. அந்தச் சூட்டில் காய்கறி அழுகும் வேகமே வேறு. அதனால் இந்த ஊருக்கு ஏற்றபடி வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்கறியைத் தின்று மீன் சாவது அபூர்வம். தின்னாமல் விட்ட காய்கறி தொட்டியில் கிடந்து அழுகுவதால்தான் சாகிறது. போடுவதற்குக் காட்டும் அக்கறையை எடுப்பதற்கும் காட்டினால் பாதிப் பிரச்சினை வராது.

1. முதலில் உங்கள் மீன் காய்கறி தின்னுமா என்று பாருங்கள்

எல்லா மீனுக்கும் காய்கறி தேவையில்லை. பைட்டர் மீன் பூச்சி, புழு தின்னும் இனம். அதற்குக் காய்கறி போட்டால் தண்ணீர்தான் கெடும். நியான் டெட்ராவுக்கும் அப்படித்தான். அடியில் மேயும் கோரிடோரஸைச் சக்கர் மீனின் தம்பி என்று நினைத்துப் பலர் சுக்கினி (வெள்ளரி போல் நீண்ட பச்சைப் பூசணி வகை) வைக்கிறார்கள். அது கொஞ்சம் கொறிக்கும், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது புரதம் உள்ள, மூழ்கும் தீவனம்.

காய்கறியால் உண்மையில் பயனடைபவை இவை. மூக்கில் மீசை மாதிரி முளைத்திருக்கும் ஆன்சிஸ்ட்ரஸ் சக்கர், சின்னஞ்சிறு சக்கர் இனமான ஒட்டோசின்க்ளஸ் (சுருக்கமாக ஒட்டோ), கோல்டு பிஷ், மோலி, சில்வர் டாலர், மலாவி ஏரியின் முபூனா சிக்லிட்கள். செர்ரி இறாலும் நத்தையும்கூடக் காய்கறி என்றால் ஓடி வரும்.

முபூனா வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த மீன்களில் பல, பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை. அவற்றின் குடல் நீளமானது. மாட்டிறைச்சி, கொழுப்பு மிகுந்த தீவனம் என்று தொடர்ந்து கொடுத்தால் வயிறு வீங்கி, தீனியை விட்டு, சில நாளில் செத்துப்போகும். இவற்றுக்கு ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீவனத்தோடு வாரம் இரண்டு முறை பச்சைக் காய்கறி கொடுப்பது நல்ல பழக்கம்.

சக்கர் வாங்கும்போது எந்த இனம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஆன்சிஸ்ட்ரஸ் 12 முதல் 15 செ.மீ. அளவில் நின்றுவிடும். 'டேங்க் கிளீனர்' என்று குட்டியாக விற்கப்படும் பெரிய இனம் 40 செ.மீ. வரை போகும். அதற்குத் தினமும் காய்கறி போட்டாலும் காணாது. அதன் கழிவைத் தாங்க உங்கள் தொட்டியும் காணாது.

2. காய்கறி வாங்குவது

ஆன்சிஸ்ட்ரஸுக்கு முதலிடம் சுக்கினிக்குத்தான். இங்குள்ள கடைகளில் 'பேபி மாரோ' என்ற பெயரில் சிறு தட்டுகளில் இருக்கும். முபூனாவும் இறாலும்கூட இதைத் தின்னும். வெள்ளரிக்காயையும் காய்கறி தின்னும் எல்லா மீனும் தின்னும். ஆனால் அதில் 95 சதவீதம் தண்ணீர். சத்தென்று பெரிதாக எதுவும் இல்லை, சீக்கிரம் கூழாகும். புது மீனைக் காய்கறிக்குப் பழக்க மட்டும் வெள்ளரியை வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்டு பிஷ்ஷுக்குப் பச்சைப் பட்டாணி. உறைய வைத்த பட்டாணியே போதும். ஆலையில் கொதிநீரில் போட்டு எடுத்த பிறகுதான் உறைய வைக்கிறார்கள். உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். டப்பாவில் அடைத்த பட்டாணி வேண்டாம், அதில் உப்பும் சர்க்கரையும் இருக்கும்.

கீரையில் கொஞ்சம் கவனம் வேண்டும். இங்கே ஸ்பினாச் என்று கட்டுக்கட்டாக விற்பது பெரும்பாலும் தண்டு தடித்த, இலை அகலமான சுவிஸ் சார்டு. அதிலும் நம் பாலக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடு வளர்க்கும் நத்தைக்கும் இறாலுக்கும் அடிக்கடி கொடுக்க ஏற்றதல்ல. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை போட்டால் கெடுதல் இல்லை. லெட்டூஸ் வாங்கினால் உருண்டையாக வெளுத்திருப்பதை விட்டுவிட்டு, நீளமாகப் பச்சையாக இருக்கும் காஸ் வகையை எடுங்கள்.

முருங்கைக்கீரையை மறக்காதீர்கள். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் எத்தனையோ வீட்டுத் தோட்டத்தில் முருங்கை நிற்கிறது. அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரு கொத்து ஒடித்துத் தருவார்கள். இரண்டு மூன்று ஈர்க்கு இலையை நிழலில் காயவைத்துப் போட்டால் இறால் கூட்டமாக வந்து மேயும். கொஞ்சமாகப் போடுங்கள்.

சர்க்கரைவள்ளி, பட்டர்நட் பூசணி, கேரட் மூன்றும் மீனின் செம்மஞ்சள் நிறத்துக்கு உதவும் கரோட்டின் உள்ளவை. ஆனால் கிழங்கில் மாவுச்சத்து அதிகம், தண்ணீரை வெள்ளையாகக் கலக்கிவிடும். கிழங்கை விட பட்டர்நட் மேல். உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை வகை, மிளகாய், பாகற்காய் எதுவும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. முட்டைக்கோஸும் காலிபிளவரும் நாற்றம் எடுக்கும், அதனால் நான் போடுவதில்லை.

எங்கே வாங்குவது? சாட்ஸ்வர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட், வெள்ளி சனிகளில். நகரத்துக்குள் என்றால் வார்விக்கில் இருக்கும் காலை மார்க்கெட். சூப்பர் மார்க்கெட் தட்டைவிட இங்கே மலிவு, ஒரே ஒரு காய் கேட்டாலும் தருவார்கள். விற்பவரிடமே, "ஆன்ட்டி, இது உங்க தோட்டத்துதா, மருந்து அடிச்சதா?" என்று கேளுங்கள். சிறு விவசாயிகள் பலர் நேரடியாகக் கொண்டுவந்து விற்பதால் சில நேரம் ஒளிக்காமல் பதில் கிடைக்கும்.

இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், காய்கறிக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் செம்பு கலந்தவை உண்டு. நமக்கு ஒன்றும் ஆகாத அளவு செம்பே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பூச்சிமருந்து இன்னும் மோசம். இறால் தொட்டிக்கு, மருந்தில்லாமல் விளைந்தது என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் போடுங்கள். ஜன்னலோரப் பூந்தொட்டியில் நீங்களே வளர்த்தது என்றால் இன்னும் நல்லது.

புரட்டாசியில் வீட்டில் சைவச் சமையல் நடக்கும்போது காய்கறி நிறைய வந்து சேரும். பேபி மாரோவின் நுனி, பட்டாணி, லெட்டூஸின் வெளி இலை இவற்றை மீனுக்கு எடுத்து வைக்கலாம். தாளித்ததும் உப்புப் போட்டதும் கூடாது.

3. கழுவி, பதப்படுத்துவது

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே இடறும். காயை உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் ஊறப்போடுவோம். மீனுக்கான காயை அப்படிச் செய்யாதீர்கள். ஓடும் குழாய் நீரில் விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். சந்தேகம் இருந்தால் தோலைச் சீவிவிடுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் வேகவைக்காதீர்கள். எவர்சில்வர் போதும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒட்டியிருக்கக் கூடாது.

பிறகு செய்ய வேண்டியது இது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, சுக்கினியை ஒரு செ.மீ. கனத்தில் வட்டமாக வெட்டி, ஒன்று இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். நகம் பதிய வேண்டும், கரையக் கூடாது. எடுத்தவுடன் குளிர்ந்த நீரில் போட்டால் வேகுவது நிற்கும். பட்டர்நட்டுக்கும் கேரட்டுக்கும் நான்கைந்து நிமிடம் பிடிக்கும். கீரை வகைக்கு அரை நிமிடம் போதும். உறைந்த பட்டாணியை ஒரு கிண்ணம் வெந்நீரில் போட்டு இளக்கி, தோலை விரலால் பிதுக்கி எடுத்துவிட்டு, சின்ன மீனுக்கு நசுக்கிக் கொடுங்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது, கரன்ட் இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. சுக்கினியை வெட்டி முதல் நாளே பிரீசரில் வைத்துவிடுங்கள். உறையும்போது காயின் உயிரணுக்கள் பனிக்கட்டியால் உடைகின்றன. இளகியதும் அரைவேக்காடு போல மென்மையாகிவிடும். ஒரு தட்டு வாங்கினால் முழுவதையும் இப்படி வெட்டிப் பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். வீணாவதில்லை.

4. மூழ்க வைப்பது

வெட்டின காய் மிதக்கும், சக்கர் அடியில் இருக்கும். இரண்டும் சந்திக்காது. சமையலறை எவர்சில்வர் கரண்டியை, அல்லது முள்கரண்டியைத் துண்டின் நடுவே குத்தி இறக்குங்கள். இதுவே மிக மலிவான வழி. மீன் கடைகளில் கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுக் கிளிப் கிடைக்கும், இலைக்கு அதுதான் வசதி. பருத்தி நூலால் கல்லில் கட்டியும் இறக்கலாம். துருப்பிடிக்கும் ஆணி, துத்தநாகம் பூசிய கம்பி, செம்புக் கம்பி மூன்றும் வேண்டவே வேண்டாம். ரப்பர் பேண்டு அவிழ்ந்து மிதந்தால் மீன் விழுங்கப் பார்க்கும்.

பில்டரின் உறிஞ்சு குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். குழாயின் வாயில் ஒரு பஞ்சு உறை போட்டுவிட்டால் இலைத் துணுக்குகள் உள்ளே போகாது.

5. எப்போது போடுவது, எப்போது எடுப்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆன்சிஸ்ட்ரஸ் இருட்டில் துணிந்து வெளியே வரும். விளக்கை அணைத்த பிறகு போட்டு, மறுநாள் காலை எழுந்தவுடன் எடுத்துவிடுங்கள். குளிர்காலத்தில், தண்ணீர் 24 டிகிரி சுற்றி இருக்கும்போது, 12 மணி நேரம் வரை விடலாம். கோடையில் 28 தாண்டினால் 6, 7 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். இரவு 11 மணிக்குப் போட்டு 5, 6 மணிக்கு எடுங்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மறந்துவிடும் என்றால், வார நாளில் போடாமல் வெள்ளி, சனி இரவில் மட்டும் போடுங்கள்.

முபூனாவும் கோல்டு பிஷ்ஷும் பகலில் தின்பவை. கண்ணெதிரே போட்டு, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுங்கள். கோல்டு பிஷ்ஷுக்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது, தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் ஒரு மீனுக்கு ஒன்றிரண்டு பட்டாணிக்கு மேல் ஒரே நேரத்தில் போடக் கூடாது. மலச்சிக்கலில் வயிறு உப்பி மிதக்கும் மீனுக்குத் தோலுரித்த பட்டாணி பல நேரம் உதவும். ஆனால் செதில் சிலிர்த்து நிற்கிறது, காயம் இருக்கிறது என்றால் அது வேறு நோய். பட்டாணியை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

அளவு என்று கேட்டால், வளர்ந்த இரண்டு ஆன்சிஸ்ட்ரஸுக்கு ஒரு செ.மீ. கனத் துண்டு ஒன்று போதும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள். மற்ற நாளில் வழக்கமான தீவனம். காய்கறியில் புரதம் குறைவு, அதை மட்டுமே வைத்து எந்த மீனையும் வளர்க்க முடியாது. ஆன்சிஸ்ட்ரஸ் தொட்டியில் ஒரு மரக்கட்டையும் கிடக்கட்டும், அது சுரண்டிக்கொண்டே இருக்கும்.

புது மீன் முதல் நாளே தின்னாது. கடையிலிருந்து வரும் ஒட்டோ பல நேரம் வயிறு ஒட்டிப் பட்டினியாகத்தான் வரும். அதற்குச் சுக்கினி உணவு என்றே தெரியாது. தினமும் இரவு சின்னத் துண்டு வையுங்கள், காலையில் தொடாமல் இருந்தாலும் எடுத்துவிட்டு, இரவு புதிதாக வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஒன்று வந்து ஒட்டும். அதைப் பார்த்து மற்றவை வரும். தின்னவில்லையே என்று பழைய துண்டையே விட்டு வைப்பதுதான் எல்லோரும் விழும் குழி.

6. தண்ணீரைச் சோதிப்பது

காய்கறி அழுகினால் அம்மோனியா உண்டாகும். பில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது, அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் காய்கறி போடாமல் இருப்பது நல்லது.

சோதனைக் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். சொட்டு மருந்து வகை, சில நூறு ரேண்ட் ஆகும், பல மாதம் வரும். காய்கறி போட ஆரம்பித்த முதல் சில வாரம், போட்ட மறுநாள் சோதியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, முடிந்தால் 20க்குக் கீழே. கூடினால் காய்கறியை நிறுத்தி, கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கி கலந்துதான். முபூனா தொட்டிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பி.எச். (அமில-கார அளவு) 8 சுற்றி இருக்கும் தண்ணீரில், அதுவும் சூடாக இருந்தால், அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சாகிறது.

இன்னொன்று, ஆக்சிஜன். 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். அழுகும் காய்கறியும் இரவில் செடிகளும் அதையே பங்கு கேட்கும். மின்வெட்டில் பில்டரும் நின்றுபோனால் விடிவதற்குள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். கரன்ட் போகும் என்று தெரிந்த இரவில் காய்கறி போடாதீர்கள். போட்ட பிறகு போனால், டார்ச் அடித்தாவது எடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

காலையில் துண்டின் மேல் சின்ன நத்தைகள் மொய்த்திருந்தால் அப்படியே தூக்கி வெளியே எடுங்கள். தொட்டியில் பெருகிவிட்ட நத்தையைக் குறைக்க, லெட்டூஸ் இலை ஒன்றை இரவில் வைத்துக் காலையில் எடுப்பதைவிட எளிய வழி இல்லை.

7. செலவும் காகிதமும்

பேபி மாரோ ஒரு தட்டு நான் வாங்குவது 25, 30 ரேண்டுக்கு. ஒரு கிலோ உறைந்த பட்டாணி 50 ரேண்ட் சுற்றி. இரண்டும் பிரீசரில் இருந்தால் ஒரு தொட்டிக்கு மாதக் கணக்கில் வரும். கிளிப் வாங்காவிட்டாலும் குறையில்லை. கிட், பஞ்சு உறை, பேட்டரி பம்ப் மூன்றும்தான் ஒருமுறைச் செலவு.

காய்கறிக்கு எந்த அனுமதியும் வேண்டாம். ஆனால் சட்டம் குறுக்கே வரும் இடங்கள் உண்டு.

ஆற்றிலும் குளத்திலும் மிதக்கும் ஆகாயத்தாமரை, அந்தரத்தாமரை, சால்வீனியா, சிவப்பு அசோலா இவற்றை மீனுக்குத் தீனி என்று வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஊரில் அசோலா வளர்த்துக் கோழிக்கும் மீனுக்கும் போட்ட பழக்கம் நமக்கு இருக்கும். இங்கே இவை ஆக்கிரமிப்பு இனங்களாக, கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டிய 1பி பிரிவில் பட்டியலிடப்பட்டவை. வளர்ப்பதும் பரப்புவதும் குற்றம்.

ஊருக்குப் போய்வரும்போது முருங்கை இலை, பாதாம் இலை, தண்ணீர்ச் செடி என்று பெட்டியில் வைத்து வராதீர்கள். தாவரப் பொருளுக்கு இங்குள்ள வேளாண் துறையின் இறக்குமதி அனுமதியும், கிளம்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே பறிபோகும்.

தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட சக்கரை ஓடையில் விடுவது கூடவே கூடாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் சக்கர் நம் குவாசுலு-நடால் மாகாணத்தில் இன்செலேனி ஆற்றில் ஏற்கெனவே குடியேறிப் பெருகியிருக்கிறது. வாங்கின கடையில் பேசிப் பாருங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பில்லில் இனப் பெயரை எழுதி வாங்கச் சொன்னது இதற்கும்தான்.

8. வெளியூர் போகும்போது

ஈஸ்டர் விடுமுறையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா, டிசம்பரில் ஊர்ப் பயணம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். அப்போது "பாவம், பசிக்குமே" என்று ஒரு முழு வெள்ளரிக்காயைப் பிளந்து உள்ளே போட்டுவிட்டுப் போகிறார்கள். நான்கு நாளில் அது கரைந்து, திரும்பி வரும்போது தொட்டி முழுதும் நாற்றமடிக்கும், மீன் இருக்காது.

நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் தீனியில்லாமல் தாங்கும். மூன்று நான்கு நாள் பயணம் என்றால் ஒன்றும் போடாமல் போங்கள். கிளம்பும் முதல் நாள் தண்ணீர் மாற்றி, அன்றைக்குக் காய்கறி வேண்டாம். இரண்டு வாரம் என்றால் பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். உலர்தீவனத்தை ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவோடு கொடுத்தால் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். பிரீசரில் இருக்கும் சுக்கினிப் பையைப் பற்றி அவர்களிடம் சொல்லவே வேண்டாம், அது நீங்கள் திரும்பி வந்த பிறகு.